மலிவு வீடு என்கிறார்கள், யாருக்குக் கட்டுப்படியாகும்?

(கட்சியின் மாவட்டப் பயிலரங்கில் வீட்டுவசதி குறித்து ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். பேச்சு நடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். முழுவதும் படியுங்கள், உங்கள் பகுதி குழுக்களில் பகிருங்கள்.)



காலையிலிருந்து பட்ஜெட் கணக்கு கேட்டுக் களைத்திருப்பீர்கள். நானும் கணக்கோடுதான் வந்திருக்கிறேன். ஆனா இது உங்க வீட்டுக் கணக்கு, அதனால தூக்கம் வராதுன்னு நம்புறேன்.

முதலில் ஒரு சொல்லை எடுத்துக்கொள்வோம். 'அஃபோர்டபிள் ஹவுசிங்'. ஓஎம்ஆர், ஜிஎஸ்டி சாலைப் பக்கம் போனீங்கன்னா கம்பத்துக்குக் கம்பம் இந்த வார்த்தைதான் தொங்குது. அரசு அறிவிப்புகளில் இதைத் தமிழில் 'மலிவு விலை வீடு' என்று எழுதுகிறார்கள். இந்த மொழிபெயர்ப்பில்தான் முதல் குழப்பமே ஆரம்பிக்குது. மலிவு என்பது பொருளைப் பற்றிய சொல். இன்னைக்கு தக்காளி மலிவுன்னா, நேத்து 60 ரூபாய் வித்தது இன்னைக்கு 30 ரூபாய். வாங்குற ஆள் யாருன்னு அதில் கேள்வி கிடையாது. ஆனால் நம்ம வீடுகளில் இதற்குச் சரியான சொல் எப்பவோ இருக்கு. 'கட்டுப்படியாகாதுப்பா' என்று அம்மா சொல்வாங்களே, அந்தச் சொல். கட்டுப்படியாகுமா என்று கேட்டால் உடனே அடுத்த கேள்வி வந்தே தீரும்: யாருக்கு?

இந்த 'யாருக்கு' என்ற கேள்வியை நம் நாட்டுச் சட்டமும் திட்டமும் எப்படித் தாண்டிப் போகின்றன என்பதைத்தான் இன்னைக்குப் பேசப் போறேன். சென்னையை வைத்துப் பேசுகிறேன். கோவையிலும் மதுரையிலும் தொகை மாறும், கதை பெரிதாக மாறாது.

2019 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த ஜிஎஸ்டி விதியைப் பாருங்கள். கட்டுமானத்தில் இருக்கிற வீட்டை பில்டரிடம் வாங்கினால் 5 சதவிகித வரி. 'மலிவு விலை வீடு' என்றால் 1 சதவிகிதம்தான். எது மலிவு விலை வீடு? சென்னை மாதிரி பெருநகரத்தில் கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள், அதாவது சுமார் 645 சதுர அடிக்குள் இருக்கணும். பெருநகரம் அல்லாத ஊர்களில் 90 சதுர மீட்டர். விலை 45 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. அவ்வளவுதான் விதி. வாங்குகிறவர் யார், அவருக்கு என்ன வருமானம் என்று அதில் ஒரு வரி கிடையாது.

சரி, அந்த 45 லட்சம் ரூபாய் வீட்டை வாங்கிப் பார்ப்போம். 20 சதவிகிதம் கையிலிருந்து போடணும். 9 லட்சம். பத்திரப் பதிவு, முத்திரைத்தாள் செலவெல்லாம் தனி, அதை இப்ப விட்டுடுவோம். மீதி 36 லட்சம் வங்கிக் கடன். எட்டரை சதவிகித வட்டி, 20 வருஷம்னு வச்சுக்குங்க. மாதத் தவணை 31,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே வருகிறது. 20 வருஷத்துல 36 லட்சத்துக்கு நீங்கள் திருப்பிக் கட்டுவது ஏறக்குறைய 75 லட்சம். வருமானத்தில் 30 சதவிகிதத்துக்கு மேல் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவுகோல். அப்படிப் பார்த்தால் இந்த 'மலிவு' வீட்டை வாங்க அந்தக் குடும்பத்துக்கு மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் வருமானம் வேண்டும்.

இந்தக் கூடத்தில் மாதம் ஒரு லட்சம் குடும்ப வருமானம் உள்ளவங்க கை தூக்குங்கன்னு கேட்கலாம்னு நினைச்சேன். வேண்டாம், பக்கத்துல இருக்கிறவங்க கடன் கேட்டுடுவாங்க.

அதே ஒன்றிய அரசு, இன்னொரு பக்கம், 'பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர்' யார் என்று வரையறுத்திருக்கிறது. வீட்டுவசதித் திட்டத்தில் ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பம். அதாவது மாதம் 25,000. குறைந்த வருமானப் பிரிவு என்றால் ஆண்டுக்கு 6 லட்சம் வரை, மாதம் 50,000. இப்ப இந்த இரண்டு வரையறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு துறை 'ஏழை' என்று சொல்கிற ஆளும், இன்னொரு துறை 'ஏழைக்கான வீடு' என்று நினைக்க வைக்கிற வீடும் ஒருத்தரை ஒருத்தர் சந்திக்கவே முடியாது.

மாதம் 25,000 வருமானத்தில் 30 சதவிகிதம் 7,500 ரூபாய். அந்தத் தவணைக்கு, அதே வட்டிக்கு, 20 வருஷத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும்? எட்டரை லட்சத்துக்குச் சற்று மேல். மாதம் 15,000 வருமானம் உள்ள குடும்பம் என்றால் ஐந்து லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். சென்னை நகரத்துக்குள் ஐந்து லட்சத்துக்கும் எட்டு லட்சத்துக்கும் எந்த பில்டர் வீடு விற்கிறார்?

இதுவும் காகிதக் கணக்குதான். இந்த 30 சதவிகிதமே வசதியானவர்களுக்குப் பொருந்துகிற அளவுகோல். ஒரு லட்சம் சம்பாதிக்கிறவர் 30,000 வீட்டுக்குக் கொடுத்தாலும் 70,000 மிச்சம். 15,000 சம்பாதிக்கிறவர் 4,500 கொடுத்தால் மிச்சம் 10,500. அதில் அரிசி, கேஸ், பள்ளிக்கூடம், மருந்து, கைப்பேசி ரீசார்ஜ், வட்டி எல்லாம் நடக்கணும். வாடகை கொடுத்த பிறகு வயிற்றுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பதுதான் நியாயமான கணக்கு. சதவிகிதம் எல்லோருக்கும் ஒன்றுபோல இருக்கலாம், பசி அப்படி இருக்காது.

அப்புறம் வங்கி. கட்டடத் தொழிலாளி, வீட்டு வேலை செய்யும் அம்மா, தள்ளுவண்டிக்காரர், மீன் விற்பவர் இவர்களிடம் சம்பளச் சீட்டு ஏது? வருமான வரிக் கணக்கு ஏது? மாதம் 25,000 உண்மையாகவே சம்பாதித்தாலும் வங்கி மேனேஜர் முன்னால் அதை நிரூபிக்க முடியாது. அதனால் வட்டி மானியம் என்று அறிவிக்கிற திட்டங்கள் எல்லாம் ஏற்கெனவே வங்கிக் கதவு திறந்திருக்கிறவர்களுக்குத்தான் எளிதாகப் போய்ச் சேரும்.

இதற்கு ஒரு உதாரணம் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள். 2015 ஜூன் 25 அன்று பிரதமரின் நகர்ப்புற வீட்டுவசதித் திட்டம் தொடங்கப்பட்டது. '2022-க்குள் அனைவருக்கும் வீடு' என்பது முழக்கம். அந்தத் திட்டத்தில், அரசோ தனியாரோ கூட்டாகக் கட்டும் குடியிருப்பில் நலிந்த பிரிவினரின் வீடு ஒன்றுக்கு ஒன்றிய அரசு தந்தது 1.5 லட்சம் ரூபாய். அதே திட்டத்தின் இன்னொரு பிரிவில், ஆண்டு வருமானம் 18 லட்சம் வரை உள்ள நடுத்தரப் பிரிவினருக்கும் வட்டி மானியம் கொடுத்தார்கள். அந்த மானியம் அதிகபட்சம் 2 லட்சத்து 30 ஆயிரம் வரை போனது. அவர்கள் வாங்கும் வீட்டின் கார்ப்பெட் ஏரியா எவ்வளவு வரை இருக்கலாம் தெரியுமா? 2018-இல் அதை 200 சதுர மீட்டராக உயர்த்தினார்கள். 2,150 சதுர அடி.

200 சதுர மீட்டர் என்று கேட்டபோது எனக்குக் கண்ணகி நகர்தான் நினைவுக்கு வந்தது. அங்கே ஆரம்பத்தில் கட்டிக் கொடுத்த வீடுகள் ஏறக்குறைய 200 சதுர அடி. சதுர மீட்டர் இல்லை, சதுர அடி. 'அனைவருக்கும் வீடு' என்ற ஒரே கூரைக்குக் கீழே இரண்டையும் வைத்துப் பேச எப்படி மனசு வருதுன்னு தெரியல.

நடுத்தர வர்க்கத்துக்கு உதவக் கூடாது என்று நாம் சொல்லவில்லை. கிளார்க்கும் ஆசிரியரும் தவணை கட்டியே வாழ்க்கையை முடிப்பவர்கள், நம்மவர்கள்தான். இப்போது நடக்கிற இரண்டாம் கட்டத் திட்டத்தில் வட்டி மானியத்துக்கு வருமான வரம்பு 9 லட்சம், வீட்டின் மதிப்பு 35 லட்சம் என்று இறக்கியிருக்கிறார்கள், தொகுப்பு வீட்டுக்கும் சொந்த மனையில் கட்டுவதற்கும் உதவியை 2.5 லட்சம் வரை உயர்த்தியிருக்கிறார்கள். முன்பைவிட மேல், அதைச் சொல்லித்தான் ஆகணும். நாம் கேட்பது, வரிசையில் யார் முதலில் நிற்பது என்பது.

வரிசையில் யார் நிற்கிறார்கள் என்பதற்கு ஒன்றிய அரசே அமைத்த தொழில்நுட்பக் குழு 2012-இல் கணக்கு கொடுத்தது. நாட்டின் நகரங்களில் வீட்டுப் பற்றாக்குறை 1 கோடியே 87 லட்சத்து 80 ஆயிரம். இதில் 95 சதவிகிதத்துக்கு மேல் நலிந்த பிரிவும் குறைந்த வருமானப் பிரிவும்தான். இன்னொரு விஷயம், இதை நிறைய பேர் கவனிப்பதில்லை: இந்தப் பற்றாக்குறையில் சுமார் 1 கோடியே 50 லட்சம் குடும்பங்கள் வீடே இல்லாதவர்கள் கிடையாது. இருக்கிற வீட்டில் நெருக்கியடித்து வாழ்கிறவர்கள். கல்யாணம் ஆன பையனுக்கும் மருமகளுக்கும் தனி அறை இல்லை, அதே ஒரு அறையில் அப்பா, அம்மா, தங்கச்சி. இரவு ஷிப்ட் முடித்து வந்தவன் தூங்க இன்னொருத்தர் எழுந்து போகணும். நம் ஊர்களில் தோழர்கள் நேரில் பார்க்காத காட்சி இல்லை இது.

ஆனால் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டின் நகரங்களில் பூட்டிக் கிடந்த வீடுகள் 1 கோடியே 10 லட்சத்துக்கு மேல். ஒரு பக்கம் ஒரு அறைக்குள் ஏழு பேர், இன்னொரு பக்கம் முதலீட்டுக்காக வாங்கிப் பூட்டின வீடு. வீடு கட்டுவது குறைவாக நடக்கிறது என்று சொல்கிறவர்களுக்கு இந்த ஒரு எண்ணைக் காட்டுங்கள்.

இப்ப அடுத்த விஷயத்துக்கு வர்றேன். இதுதான் இன்னைக்கு முக்கியமானது, கொஞ்சம் நேரம் எடுத்துக்கிறேன்.

வீட்டின் விலை குறைவாக இருந்தால் போதுமா? இலவசமாகவே கொடுத்தால்?

1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971-இல் அதற்கான சட்டம். அந்தக் காலத்தில் வாரியம் கட்டிய அடுக்குமாடிகள் எங்கே இருக்கு என்று பாருங்கள். கடற்கரையோரம் நொச்சிக்குப்பம், வடசென்னையில் புளியந்தோப்பு. மக்கள் குடிசை போட்டு வாழ்ந்த இடத்திலேயே, அல்லது அதற்குப் பக்கத்திலேயே கட்டினார்கள். கட்டடத்தின் தரத்தில், பராமரிப்பில் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் மீனவர் கடலை விட்டுப் போகவில்லை, சுமை தூக்குபவர் துறைமுகத்தை விட்டுப் போகவில்லை.

2000-க்குப் பிறகு கதை மாறியது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். நகரத்தின் தென்கோடிக்கு ஆயிரக்கணக்கில் குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கினார்கள். கண்ணகி நகரில் 15,000 வீடுகளுக்கு மேல். பெரும்பாக்கத்தில் 20,000 வீடுகளுக்குத் திட்டம். 2021-இல் வாரியத்தின் பெயரும் 'நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்' என்று மாறியது. பெயரில் 'வாழ்விடம்' வந்துவிட்டது, நல்லதுதான்.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடையாறு, கூவம் கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். பள்ளி ஆண்டின் நடுவில். பொதுத்தேர்வுக்குச் சில மாதங்கள் இருக்கும்போது பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகள் 25 கிலோமீட்டர் தாண்டிப் பழைய பள்ளிக்குப் போய் வரணும், இல்லாவிட்டால் நின்றுவிடணும். எத்தனை பிள்ளைகள் அந்த வருஷத்தோடு புத்தகத்தை மூடினார்கள் என்பதற்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் கட்டம் கிடையாது.

காரணமாகச் சொன்னது வெள்ள அபாயம். ஆனால் செம்மஞ்சேரி ஒவ்வொரு பெருமழையிலும் தண்ணீரில் நிற்கிற இடம். பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதே சதுப்பு நிலத்தின் ஓரத்தில் கண்ணாடிக் கட்டடங்களும் எழும்பின. அவற்றை யாரும் 'ஆக்கிரமிப்பாளர்' என்று கூப்பிட்டு இடித்ததாக நினைவில்லை.

ஒரு கணக்கு போடுவோம். சிந்தாதிரிப்பேட்டையில் ஒரு அக்கா நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார். காலை ஆறு மணிக்கு நடந்தே போய், பதினோரு மணிக்குத் திரும்பி வந்துவிடுவார். வீட்டுக்கு 2,500 ரூபாய் என்றால் மாதம் 10,000. பெரும்பாக்கம் போன பிறகு போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அது பெரிய உதவி, அந்தக் குடும்பங்களில் போய்க் கேட்டால் தெரியும். ஆனால் நேரத்துக்கு இலவசப் பயணச் சீட்டு கிடையாதே. ஆறு மணிக்கு வரச்சொன்ன வீடு கைவிட்டுப் போகும். மதியம் வரச்சொன்ன வீடும் போகும். நாலு வீடு இரண்டாகும். மாதம் 5,000 ரூபாய் போச்சு. வருஷத்துக்கு 60,000. மூன்று வருஷத்தில் ஒரு லட்சத்து எண்பதாயிரம். ஒன்றிய அரசு அந்தத் திட்டத்தில் வீட்டுக்குத் தந்த ஒன்றரை லட்சத்தை அந்த அக்கா மூன்றே வருஷத்தில் தன் கூலியிலிருந்து திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கப்புறம் ஆயுசு முழுக்க வட்டி.

இதற்குப் பெயர் மலிவு வீடா?

இந்த விஷயம் நீதிமன்றத்துக்குப் புதிது இல்லை. 1985-இல் மும்பை நடைபாதைவாசிகள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமை வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்னது. வேலை இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் ஏழை குடியிருக்கிறான், அங்கிருந்து பெயர்த்தால் பிழைப்பும் போகிறது என்பதை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் முன்னறிவிப்பு கொடுத்து, முறைப்படி அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. முதல் பாதியை நாம் சொல்கிறோம், இரண்டாம் பாதியை அதிகாரிகள் கையில் வைத்திருக்கிறார்கள்.

இணையத்தில் நம் தோழர்கள் வாதாடும்போது திரும்பத் திரும்ப வரும் ஒரு கேள்வி உண்டு. "வீடு கொடுத்தா அதை வாடகைக்கு விட்டுட்டுப் பழைய இடத்துக்கே வந்துடுறாங்க, இவங்களுக்கு எதுக்கு வீடு?" இதற்கு மழுப்ப வேண்டாம். ஆமாம், சிலர் வந்துவிடுகிறார்கள். ஏன் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு மனுஷன் கான்கிரீட் கூரையை விட்டுவிட்டு ஆற்றங்கரைத் தகரக் கூரைக்குத் திரும்புகிறான் என்றால் அவனுக்குப் பேராசை என்று அர்த்தமா, அல்லது அந்தக் கான்கிரீட் கூரைக்குக் கீழே சோறு இல்லை என்று அர்த்தமா? கம்பெனி உங்களை வேறு ஊருக்கு மாற்றினால் நீங்களும் சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு வேலை இருக்கும் ஊரில் வாடகைக்குத்தானே இருக்கிறீர்கள்? நீங்கள் செய்தால் நிதி மேலாண்மை, அவர் செய்தால் மோசடியா?

"சரி, நகரத்துக்குள்ள நிலம் எங்க இருக்கு?" இது அடுத்த கேள்வி. உடனே சிங்கப்பூரைக் காட்டுவார்கள். அங்கே 1960-இல் அரசு வீட்டு வாரியம் அமைத்து, இன்று பத்தில் எட்டுப் பேர் அளவுக்கு அந்த வீடுகளில்தான் இருக்கிறார்கள் என்பது உண்மைதான். அங்கே நிலத்தை அரசு கையில் எடுத்துக்கொண்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், அதைச் சொல்ல மாட்டார்கள். ஆனால் சிங்கப்பூர் வரைக்கும் எதற்கு? அரும்பாக்கத்துக்குப் போனால் போதும்.

1977-இல் உலக வங்கிக் கடனோடு சென்னையில் ஒரு நகர்ப்புற வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் மூன்று இடங்களிலும் மனைகளும் அடிப்படை வசதிகளும் கொடுத்தார்கள். அரசு முழு வீடு கட்டவில்லை. சின்னச் சின்ன மனைகள், சாலை, தண்ணீர், கழிவுநீர் வசதி, மனையோடு கழிப்பிடம். மிகச் சிறிய மனைகள் ஏழைகளுக்கு, பெரிய மனைகளும் கடை மனைகளும் வசதி உள்ளவர்களுக்கு. பெரியதில் வரும் லாபம் சிறியதின் விலையைத் தாங்கியது. ஏழையிடம் அவன் கட்டக்கூடிய தவணையை முதலில் கணக்குப் போட்டு, அதிலிருந்து மனையின் அளவுக்கு வந்தார்கள். நான் ஆரம்பத்தில் சொன்ன 'கட்டுப்படியாகுமா' என்ற கேள்வியை அங்கே முதலில் கேட்டிருக்கிறார்கள்.

வந்தவர்கள் முதலில் ஒரு அறை எழுப்பினார்கள். சீட்டு எடுத்தபோது இன்னொரு அறை. பையன் வேலைக்குப் போனதும் மாடி. கொஞ்சம் விற்பனையும் கைமாற்றமும் நடந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இன்றைக்கு அந்தத் தெருக்களில் நடந்து பாருங்கள். கடை, டியூஷன், தையல், மாடியில் வாடகைக் குடித்தனம். 'குடியிருப்பு' என்று பலகை வைத்துத் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாத அளவுக்கு ஊரோடு ஊராகக் கலந்து போயிருக்கு. கண்ணகி நகர்ப் பிள்ளை வேலைக்கு மனுப் போடும்போது முகவரியைப் பார்த்தே ஒதுக்கிவிடுகிறார்கள் என்று அங்குள்ள இளைஞர்கள் சொல்வது நமக்குத் தெரியும். அரும்பாக்கம் முகவரிக்கு அப்படி ஒரு முத்திரை இல்லை. உலக வங்கி வந்த வழிகளை நாம் நிறைய எதிர்த்திருக்கிறோம், இனியும் எதிர்ப்போம். ஆனால் இந்த ஒரு வேலை நடந்தது, அதிலிருந்து எடுத்துக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அன்று அந்த மூன்று இடங்களும் நகரத்தின் ஓரம்தான். ஆனால் வேலைக்குப் போய் வரும் தூரத்தில் இருந்தன. இன்று நகரத்துக்குள் நிலமே இல்லை என்பதும் பாதி உண்மை. பெரிய மனைப்பிரிவுகளுக்கு, 10,000 சதுர மீட்டருக்கு மேல் போனால், 10 சதவிகிதம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்ற விதி சென்னை வளர்ச்சி விதிகளில் ஏற்கெனவே இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் புதிதாக வந்த மனைப்பிரிவு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த 10 சதவிகிதம் எங்கே, யார் பெயரில் விற்றது? தகவல் அறியும் சட்டத்தில் பத்து ரூபாய்க்கு மனுப் போட்டுக் கேட்கலாம்.

பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் மறுகட்டுமானம் செய்வது நாம் ஆதரிக்கிற திட்டம். அதிலும் கவனமாக இருக்க வேண்டிய இடங்கள் உண்டு. கட்டி முடிக்கும் வரை வெளியில் தங்க முன்பு 8,000 ரூபாய் கொடுத்தார்கள், பிறகு 24,000 ஆக உயர்த்தினார்கள். ஒரே தடவை. கட்டுமானம் ஒன்றரை வருஷம் ஆகும் என்றால் மாதத்துக்கு 1,333 ரூபாய். எந்த ஊரில் இந்த வாடகைக்கு வீடு? அப்புறம் பயனாளி பங்குத்தொகை என்று லட்சக் கணக்கில் கேட்பது. முப்பது, நாற்பது வருஷமாக அந்த இடத்தில் வாழ்ந்து, இன்னும் கிரயப் பத்திரம் கைக்கு வராத குடும்பத்திடம், இடித்துக் கட்டிய பிறகு உள்ளே வர லட்சம் கொண்டு வா என்றால், அவர்கள் கந்துவட்டிக்காரரிடம்தான் போவார்கள். மறுகட்டுமானம் எங்கே தொடங்கினாலும் இடிப்பதற்கு முன்பே ஒதுக்கீட்டுப் பட்டியல், பங்குத்தொகை, திரும்ப வரும் தேதி மூன்றும் எழுத்தில் வாங்கிவிடுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை நம்பி ஒரு செங்கல்லைக்கூட எடுக்க விடாதீர்கள்.

கடைசியாக வாடகை. நம் பேச்சில் எப்போதும் ஓரமாகப் போகும் விஷயம் இது. வீட்டுவசதி என்றாலே சொந்த வீடு என்று நம் மனசில் பதிந்துவிட்டது. ஆனால் சென்னையில் ஏறக்குறைய பாதிக் குடும்பங்கள் வாடகையில் இருக்கின்றன. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்கு வரும் இருபது வயதுப் பெண்ணுக்குச் சொந்த வீடு இப்போது தேவையில்லை, பாதுகாப்பான வாடகை இடம் வேண்டும். வல்லம் வடகாலில் 2024-இல் 18,720 பெண் தொழிலாளர்களுக்கான தங்கும் வளாகம் திறந்தார்கள். நல்ல முயற்சி. ஆனால் அது படுக்கைக் கணக்கு. அந்தப் பெண் கல்யாணம் செய்தால், அம்மாவைக் கூட்டி வந்து வைத்துக்கொள்ள நினைத்தால், அடுத்து எங்கே போவாள் என்பதற்கும் திட்டம் வேண்டும்.

வாடகைக்கு ஒரு சட்டம் இருக்கிறது. 2017-இல் இயற்றி, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. குடியிருக்கும் வீட்டுக்கு முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று அதில் இருக்கிறது. சென்னையில் எத்தனை பேரிடம் மூன்று மாதம் மட்டும் வாங்கியிருக்கிறார்கள்? ஐந்து மாதம், பத்து மாதம் கேட்பதுதான் வழக்கம். 6,000 ரூபாய் வாடகைக்குப் பத்து மாத முன்பணம் என்றால் 60,000. அதை ஏழை எங்கே புரட்டுகிறான்? அதற்கான வட்டியும் வாடகையோடு சேர்ந்ததுதானே? அந்த முன்பணத்தைக் காலி செய்யும்போது பெயின்ட் அடிக்கணும், குழாய் மாத்தணும் என்று கழித்துக்கொள்வது தனிக் கதை.

பணம் இருந்தாலும் கதவு திறக்காத வீடுகள் இருக்கின்றன. "நீங்க என்ன ஆளுங்க?", "அசைவம் சமைப்பீங்களா?", பெயரைக் கேட்டதும் "வீடு போயிடுச்சே". தலித் குடும்பங்களும் முஸ்லிம் குடும்பங்களும் தனியாக வாழும் பெண்களும் திருநங்கைகளும் ஒரே வீட்டுக்கு மற்றவர்களைவிட அதிக வாடகை கொடுத்துத்தான் உள்ளே போகிறார்கள், அல்லது போகவே முடிவதில்லை. இவர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடு என்றால் விலையோடு சேர்த்து இந்தக் கேள்வியும் ஒழியணும்.

ஆகவே நாம் இந்த மாவட்டத்தில் என்ன செய்யப் போகிறோம்? மாநாட்டுத் தீர்மானம் அடுத்து வரும், அதில் வரையறையை மாற்றக் கோருகிறோம்: வீட்டின் விலையை வைத்து இல்லாமல் குடும்பத்தின் வருமானம், வேலைக்குப் போகும் தூரம் இரண்டையும் வைத்து 'கட்டுப்படியாகும் வீடு' எது என்று மாநில அரசு சட்டத்தில் எழுத வேண்டும். ஆனால் தீர்மானத்துக்குக் கையில் ஆதாரம் வேண்டும்.

அதற்காக ஒரு படிவம் தயாரித்திருக்கிறோம். ஒரே பக்கம். குடும்பத்தில் எத்தனை பேர், எத்தனை அறை, மாத வருமானம், வாடகை அல்லது தவணை, கொடுத்த முன்பணம், வேலைக்குப் போக ஆகும் நேரம், அதற்கு ஆகும் செலவு, கையில் பத்திரம் இருக்கிறதா. பெயர் எழுத வேண்டாம், தெரு மட்டும் போதும். ஒவ்வொரு கிளையும் ஐம்பது குடும்பம். உங்க வீட்டுலேருந்தே ஆரம்பிங்க, முதல் படிவம் உங்களுடையதா இருக்கட்டும். மறுகுடியமர்வுப் பகுதிகளுக்குப் போகும் தோழர்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போங்கள், அதற்கு முன்னால் போனால் வேலைக்குப் போனவர்கள் வந்திருக்க மாட்டார்கள். எவ்வளவு நேரம் கழித்து வருகிறார்கள் என்பதையும் படிவத்தில் எழுத ஒரு கட்டம் இருக்கிறது.

படிவங்கள் வாசல் பக்கம் மேசையில் இருக்கு. மதியச் சாப்பாட்டுக்குப் போகும்போது கிளைச் செயலாளர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் மாவட்ட அலுவலகத்தில் சேர்த்துவிட்டால் தொகுக்கும் வேலையை நாங்கள் தொடங்கிவிடுவோம்.

#கட்டுப்படியாகும்_வீடு #யாருக்கு_வீடு